மேஸ்திரியின் ஆறு யோசனைகள்: பழைய வீட்டில் சும்மா கிடக்கும் இடங்களை என்ன செய்வது?

வாசகியின் கடிதம், சுருக்கமாக

மயிலாடுதுறைப் பக்கத்து ஊர் ஒன்றில் பூர்வீக வீடு உள்ள வாசகி எழுதியிருக்கிறார். வயது 54. இப்போது சென்னையில் இருக்கிறார். கணவர் அடுத்த மே மாதம் ஓய்வு பெறுகிறார். அதன்பிறகு இருவரும் ஊரோடு போய், அங்கே தனியாக இருக்கும் 79 வயது அம்மாவோடு வாழ முடிவு செய்திருக்கிறார்கள்.

இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டிய வரிசை வீடு. அகலம் 22 அடி, நீளம் சுமார் 110 அடி. திண்ணை, ரேழி (வாசலை அடுத்த நடை), முன் அறை, கூடம், 10-க்கு 12 அடி முற்றம், தாழ்வாரம், அம்மாவின் அறை, அதை ஒட்டி ஒரு பத்தாய அறை (நெல் கொட்டி வைக்கும் பெரிய மரப் பெட்டியான பத்தாயம் இருக்கும் அறை), அடுக்களை, கொல்லை. கொல்லையில் கிணறும், மாடு இல்லாத தொழுவமும், கழிப்பறையும். கூடத்துக்கு மேலே ஓட்டுக் கூரைக்குக் கீழ் ஒரு மச்சு. வீட்டின் முன்பகுதி மெட்ராஸ் டெரஸ் (மரக்கட்டைமேல் செங்கலும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு போட்ட பழைய பாணி மாடித் தளம்), மற்றதெல்லாம் ஓடு. செலவுக்குக் கையில் இருப்பது 15 லட்சம்.

"பாதி வீடு வீணாகக் கிடக்கிறது" என்று எழுதியிருக்கும் இவருக்கு உள்ளூர் மேஸ்திரி ஆறு யோசனைகள் கொடுத்திருக்கிறார். முற்றத்துக்குத் தளம் போட்டுப் பெரிய ஹாலாக்குவது. பத்தாய அறைச் சுவரை எடுத்துக் கூடத்தோடு சேர்ப்பது. மச்சில் ஏசி வைத்து, வருடம் ஒருமுறை வரும் மகனுக்கு அறை ஆக்குவது. திண்ணையை அடைத்து இரண்டு ஷட்டர் போட்டுக் கடையாக வாடகைக்கு விடுவது. தொழுவத்தை ஒற்றை அறை வீடாக்கி வாடகைக்கு விடுவது. கடைசியாக, கிணற்றை மூடி அதையே கழிவுநீர்க் குழியாக்கிக்கொள்வது. "எதை எடுத்துக்கொள்ளலாம், எதை விடலாம்?" என்பது கேள்வி.

பதில்

உங்கள் கடிதத்தை இரண்டாவது முறை படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. "யாரும் பயன்படுத்தாத இடங்கள்" என்று நீங்கள் போட்ட பட்டியலில் திண்ணை முதலில் இருக்கிறது. அதே கடிதத்தின் நடுவில், "அம்மா சாயங்காலம் ஆனால் திண்ணையை விட்டு எழுந்திருக்க மாட்டார்" என்று எழுதியிருக்கிறீர்கள். முற்றமும் பட்டியலில் இருக்கிறது. அங்கேதான் பாத்திரம் காய்கிறது, வடாம் காய்கிறது, அம்மா தலை உலர்த்துகிறார். இதுவும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. சென்னையிலிருந்து விடுமுறைக்கு வந்து போகிறவர் கண்ணுக்குச் சும்மா கிடப்பதாகத் தெரிவது, அங்கேயே இருப்பவருக்கு அப்படி இல்லை. குறையாகச் சொல்லவில்லை. பட்டியலைத் திருத்திக்கொண்டு தொடங்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஓர் இடத்தைப் பற்றி முடிவெடுக்கும் முன் நான் இரண்டு விஷயம் பார்ப்பேன். ஒன்று, ஆள் புழங்காவிட்டாலும் அந்த இடம் வீட்டுக்கு என்ன செய்துகொண்டிருக்கிறது. வெளிச்சம் தருகிறதா, காற்றை இழுக்கிறதா, மழைத்தண்ணீரை வாங்கி வெளியே அனுப்புகிறதா, மேலே இருப்பதைத் தாங்குகிறதா. இரண்டு, அங்கே ஆள் புழங்குவது எதனால் நின்றது. பத்தாய அறை, தொழுவம் இரண்டும் நெல்லும் மாடும் போனதால் காலியானவை. இடத்தில் பெரிய கோளாறு இல்லை. மச்சு அப்படியில்லை. வெயில் காலத்தில் அங்கே உட்கார முடியாது, அதனால்தான் யாரும் போவதில்லை. முதல் வகைக்குப் புது வேலை கொடுக்கலாம். இரண்டாம் வகையில் காரணத்தைச் சரிசெய்யாமல் கட்டில் வாங்கிப் போட்டால், ஆறே மாதத்தில் கட்டிலும் சும்மா கிடக்கும்.

முற்றத்தை மூட வேண்டாம்

ஆறில் நான் மிக உறுதியாக மறுப்பது இதைத்தான். உங்கள் வீட்டின் இரண்டு பக்கச் சுவரிலும் ஜன்னல் இல்லை, வைக்கவும் முடியாது. 110 அடி நீளத்தில் வெளிச்சம் நுழைவதற்கு வாசல், கொல்லை, முற்றம் என்று மூன்றே வழி. நடுவில் இருப்பதை அடைத்தால் கூடம், தாழ்வாரம், அம்மாவின் அறை, பத்தாய அறை நான்கும் பகலிலேயே லைட் போட வேண்டிய இடங்களாகிவிடும். சூடான காற்று மேலே ஏறி வெளியேறுவதும் அந்த வழியாகத்தான். அது நின்றால் அடுக்களைப் புகையும் ஈரமும் வீட்டுக்குள்ளேயே சுற்றும். ஹால் பெரிதாகும், உண்மைதான். அதில் உட்கார ஏசி வேண்டியிருக்கும்.

அடுத்தது எடை. ஐந்து அங்குல கான்கிரீட் தளம் ஒரு சதுர அடிக்கு ஏறக்குறைய 29 கிலோ. 120 சதுர அடிக்கு மூன்றரை டன். பூச்சு, தரை, மேலே புழங்கும் ஆட்கள் எல்லாம் தனி. இந்த மூன்றரை டன் எதன்மேல் உட்காரும்? முற்றத்தைச் சுற்றியிருக்கும் மரத்தூண்கள் ஓட்டுக் கூரையைத் தாங்க வைத்தவை. சுவரோ சுண்ணாம்புக் காரையில் கட்டியது. அதற்குக் கீழே காவிரிப் படுகையின் களிமண். அந்த மண் மழையில் ஊதி, கோடையில் சுருங்கும். இத்தனை காலம் ஒரே எடைக்குப் பழகிய அஸ்திவாரத்தின் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று கனம் ஏற்றினால், விரிசல் முதலில் பக்கத்து வீட்டுப் பொதுச்சுவரில் தெரியலாம். அப்புறம் அது கட்டடப் பிரச்சினையாக மட்டும் நிற்காது.

"மழை உள்ளே அடிக்கிறது, திருட்டுப் பயம், கொசு" என்று நீங்கள் சொல்வது நியாயம். அதற்குத் தளம் தேவையில்லை. முற்றத்தின் வாய்க்கு இரும்புக் கிராதியும் கொசுவலையும் போதும். மழைச் சாரலும் கூடாது என்றால், சுற்றியுள்ள ஓட்டுக்கு மேல் இரண்டடியாவது உயர்த்தி, நான்கு பக்கமும் காற்றுப்போக இடைவெளி விட்டு, லேசான இரும்புச் சட்டத்தில் ஒரு சிறு கூரை வைக்கலாம். நடுவில் சில கண்ணாடி ஓடுகள் வெளிச்சத்துக்கு. முழுக்கப் பாலிகார்பனேட் ஷீட் போட்டு அடைக்காதீர்கள். சித்திரையில் கீழே நிற்க முடியாது. எது செய்தாலும் முற்றத்துத் தூம்பை (தண்ணீர் வெளியேறும் வடிகாலை) முதலில் சுத்தம் செய்து, தண்ணீர் எங்கே போய் விழுகிறது என்று ஒரு வாளி ஊற்றிப் பாருங்கள். பல பழைய வீடுகளில் தூம்பு நடுவில் உடைந்து, தண்ணீர் அஸ்திவாரத்துக்குள் போய்க்கொண்டிருக்கும். சுவர் அடியில் பூச்சு பொரிந்து கொட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

பத்தாய அறை: இதுதான் உங்களிடம் இருக்கும் நல்ல இடம்

சுவரை எடுக்கும் யோசனை பற்றி முதலில். கூடத்தில் நின்று மேலே பாருங்கள். மச்சின் தரையைத் தாங்கும் மரக்கட்டைகளின் முனை எந்தச் சுவரில் போய் உட்காருகிறதோ, அந்தச் சுவர் பாரம் சுமக்கிறது. நீங்கள் அனுப்பிய படத்தில் கட்டைகள் பத்தாய அறைச் சுவரில்தான் உட்கார்ந்திருக்கின்றன. சுவரும் ஓரடிக்கு மேல் கனமாகத் தெரிகிறது. அதை முழுதாக எடுப்பதென்றால் இரும்பு விட்டம் கொடுத்து, வேலை முடியும்வரை இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து, விட்டத்தின் முனைகளுக்குக் கீழே கான்கிரீட் மெத்தை வைத்துச் செய்ய வேண்டும். முடியாதது இல்லை. ஆனால் வருடத்தில் இரண்டு விசேஷத்துக்குச் சொந்தக்காரர்கள் கூடி உட்கார 120 சதுர அடி கிடைப்பதற்காக இவ்வளவா? அந்த இரண்டு நாளைக்குத் தாழ்வாரமும் திண்ணையும் ரேழியும் இருக்கின்றன.

அந்த அறையைப் படுக்கையறையாக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி, நம் கடலோரப் பகுதி போன்ற வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடங்களில், அறையின் தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்கு திறப்பு இருக்க வேண்டும். 120 சதுர அடி அறைக்கு 20 சதுர அடி. நான்குக்கு ஐந்தடி ஜன்னல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அறைக்கு வெளிச்சுவரே கிடையாது, தாழ்வாரத்துக் கதவுதான் உண்டு. நெல்லுக்கு இருட்டும் அடைப்பும் பொருந்தியது, மனிதருக்குப் பொருந்தாது.

ஆனால் உங்கள் கடிதத்தில் வேறோர் இடத்தில், போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறது. அம்மாவுக்கு மூட்டு வலி, ராத்திரி இரண்டு தடவை கொல்லைக்கு எழுந்து போகிறார், மழைக்காலத்தில் டார்ச்சும் குடையுமாக. 79 வயதில், ஈரத் தரையில், இருட்டில். ஆறு யோசனையில் ஒன்றுகூட இதைத் தொடவில்லை. ஆகக் கூடுதலாக அவசரப்பட வேண்டியது இதற்குத்தான் என்பது என் கருத்து. அம்மாவின் அறையை ஒட்டியே பத்தாய அறை இருக்கிறது. அதில் எட்டுக்கு ஆறடி எடுத்துக் குளியலறையும் கழிப்பறையும் வையுங்கள். மீதி இடம் பெட்டி, பாய், பாத்திரம் வைக்கும் அறையாக இருக்கட்டும்.

இதில் கவனிக்க வேண்டியவை சில. அம்மாவின் அறையிலிருந்து திறக்கும் கதவு, மரச் சட்டம் போக மூன்றடி அகலம் இருக்கட்டும். இன்றைக்கு இல்லாவிட்டாலும் என்றைக்காவது சக்கர நாற்காலி நுழைய வேண்டியிருக்கும். அந்தச் சுவரும் பாரம் சுமப்பதுதானா என்று பார்த்து, மேலே லிண்டல் (திறப்புக்கு மேல் சுவரைத் தாங்கும் விட்டம்) கொடுத்து அளவாக உடைக்க வேண்டும். வாசற்படி மேடு கூடாது, கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால் திறக்க முடியாது. கைப்பிடிக் கம்பிகளைப் பழைய பூச்சில் சும்மா திருகிவிடாதீர்கள், ஆள் எடையைத் தாங்காது. அந்த இடத்தில் மட்டும் சுவருக்குள் கான்கிரீட் கட்டை பதித்து அதில் பிடிக்க வைக்க வேண்டும். வாடை போக, ஓட்டுக்கு மேல் வரை குழாய் ஏற்றி, எக்ஸாஸ்ட் விசிறி.

கழிவுக் குழாய்தான் இதில் சிக்கலான பகுதி. நான்கங்குலக் குழாய்க்கு 40 அடிக்கு ஓரடி வாட்டம் வைப்பது வழக்கம். அறையிலிருந்து கொல்லை வரை தூரத்தை அளந்து, தரை மட்டத்தை டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய்) வைத்துப் பாருங்கள். வாட்டம் கிடைக்காவிட்டால் குளியலறைத் தரையை உயர்த்தலாம் என்று மேஸ்திரி சொல்வார். படி வந்துவிடும், ஒப்புக்கொள்ளாதீர்கள். கொல்லைப் பக்கம் செப்டிக் டேங்கைப் பள்ளமாக அமைத்துச் சரிசெய்யலாம்.

பத்தாயத்தைப் பற்றி: பெரும்பாலான பத்தாயங்கள் அறைக்குள்ளேயே வைத்துச் செய்தவை. கதவு வழியாக முழுதாக வராது. ஆசாரியைக் கூப்பிட்டுப் பலகை பலகையாகக் கழற்றுங்கள். பழைய சாமான் வியாபாரி சொல்லும் முதல் விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள். கரையான் தொடாத பலகையாக இருந்தால் உங்கள் அலமாரிக்கே ஆகும்.

மச்சு: மகனுக்காக அறை

ஓட்டுக்கு நேர் கீழே இருக்கும் அறைக்கு ஏசி போட்டால், ஓட்டு இடைவெளி வழியாகக் குளிர்ச்சி போய்க்கொண்டே இருக்கும். அதை அடைக்கக் கீழே பொய்க்கூரை போட்டால், ஓட்டில் எங்கே ஒழுகுகிறது, கைமரத்தில் (ஓட்டைத் தாங்கும் மரச் சட்டத்தில்) எங்கே கரையான் என்று வெளியே தெரியாது. பத்து வருடம் கழித்து மொத்தமாகத் தெரியும். வருடத்தில் மூன்று வாரம் வருகிற மகனுக்காக இவ்வளவு செலவு வேண்டாம் என்பது என் எண்ணம். அவர் வரும்போது முன் அறையில் தங்கட்டும்.

மச்சை இப்போதைக்கு அப்படியே விடுங்கள். ஓடு பிரித்து மாற்றும்போது, சுவருக்குள் போகும் கட்டை முனைகளை மட்டும் ஆசாரியை விட்டுக் குத்தூசியால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். வெளியே நன்றாக இருக்கும் கட்டை, சுவருக்குள் இருக்கும் ஓரடியில் மக்கிப் போயிருப்பது சாதாரணம். கனமான இரும்புப் பீரோ, பழைய புத்தக மூட்டை எதையும் மேலே ஏற்றாதீர்கள். எல்லா இடத்தையும் இப்போதே எதற்காவது ஆக்கிவிட வேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லை.

கிணறு: மூடவும் வேண்டாம், கழிவை விடவும் வேண்டாம்

கிணற்றுக்குள் கழிவுநீரை விடுவது பற்றி நீங்கள் சாதாரணமாகக் கேட்டிருக்கிறீர்கள். நான் கொஞ்சம் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கிணறு நேராக நிலத்தடி நீரைத் தொடுகிறது. அதில் மலக்கழிவு விட்டால் தெருவில் இருக்கும் அத்தனை போர்த் தண்ணீரிலும் அது கலக்கும், உங்கள் வீட்டுப் போர் உட்பட. சட்டப்படியும் குற்றம். செப்டிக் டேங்கிலிருந்து வெளியேறும் நீர் உறிஞ்சும் குழிகூட, குடிநீர்க் கிணற்றிலிருந்து ஐம்பது, அறுபது அடியாவது தள்ளி இருக்க வேண்டும். உங்கள் கொல்லையில் இப்போது எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள். புதுக் குளியலறைக்காக எப்படியும் தொட்டியைத் திருத்தப் போகிறீர்கள், இடம் மாற்றுவதென்றால் அதுதான் சமயம்.

மண் போட்டு மூடினாலும் நிம்மதி இல்லை. எவ்வளவு இடித்து நிரப்பினாலும் அந்த மண் பல வருடம் இறங்கிக்கொண்டே இருக்கும். மேலே எதுவும் கட்ட முடியாது. ஆக, மூடுவதால் இடமும் கிடைக்கப் போவதில்லை.

கிணற்றுக்கு நல்ல வேலை ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். புதிதாகக் குழி வெட்டுவதைவிட, ஏற்கெனவே இருக்கும் கிணறு அதற்கு வசதி. கொல்லைப் பக்க ஓட்டுக்கூரை 600 சதுர அடி என்றால், ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் மழை கொட்டும்போது ஏறக்குறைய 5,500 லிட்டர். உங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் அப்படிப்பட்ட நாள் அபூர்வம் இல்லை. ஓட்டு முனையில் தகர வாரி வைத்து, ஜல்லியும் மணலும் போட்ட வடிகட்டித் தொட்டி வழியாகக் கிணற்றில் விடுங்கள். முதல் மழையின் அழுக்குத் தண்ணீர் வெளியே போக ஒரு வால்வு. குளித்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர் எதுவும் இதில் சேரக்கூடாது.

தூர் வார ஆள் இறக்குவதில் எச்சரிக்கை தேவை. பல வருடம் மூடிக் கிடந்த கிணற்றில் பிராணவாயு குறைந்து, விஷவாயு தேங்கியிருக்கலாம். முதலில் இறங்கியவர் மயங்கி, அவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து இறந்துபோன செய்திகள் நம் ஊரில் வந்துகொண்டேதான் இருக்கின்றன. இந்த வேலை தெரிந்தவர்களை, காற்றைச் சோதிக்கும் கருவி, இடுப்புக் கயிறு, மேலே நிற்கும் ஆட்களோடு மட்டுமே இறங்க விடுங்கள். டீசல் இன்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்ட விடவே கூடாது, அதன் புகையே ஆளைக் கொல்லும். வேலை முடிந்ததும் இரும்புக் கிராதியும் கொசுவலையும் போட்டு மூடுங்கள்.

உறவினர் ஒருவர் வாஸ்துப்படி கிணறு அந்த மூலையில் இருக்கக்கூடாது என்கிறாராமே. அதில் நான் நுழையவில்லை. தண்ணீர் எந்தப் பக்கம் வாட்டமாக ஓடுகிறது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

வாடகைக் கனவுகள்: திண்ணையும் தொழுவமும்

இரண்டு ஷட்டருக்கு மாதம் 8,000 வரும் என்று மேஸ்திரி கணக்குச் சொல்லியிருக்கிறார். அவர் சொல்லாத பக்கத்தையும் பார்க்கலாம். குடியிருப்பில் கடை நடத்தினால் அதற்குத் தனி மின் இணைப்பு வேண்டும், வணிகக் கட்டணம். அந்தப் பகுதிக்குச் சொத்து வரி கூடும். வீட்டைக் கடையாக மாற்ற உள்ளாட்சியில் அனுமதி வாங்க வேண்டும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். வாய் வார்த்தையில் விட்டால் காலி செய்யச் சொல்லும்போது நீங்கள்தான் அலைய வேண்டியிருக்கும். திண்ணைப் படிகள் உங்கள் மனைக்குள் இருக்கின்றனவா, தெருப் புறம்போக்கில் நீண்டிருக்கின்றனவா என்பதும் முக்கியம். அனுமதி கேட்டுப் போகும்போது அந்தக் கேள்வி கட்டாயம் வரும்.

கட்டட ரீதியாகவும் திண்ணை சும்மா இல்லை. சாரல் முன்சுவரில் அடிக்காமல் காப்பது அதுதான். வாசல் பக்கத்துக் காற்றும் வெளிச்சமும் வருவதும் அது திறந்திருப்பதால்தான். அடைத்தால் ரேழியும் முன் அறையும் இருண்டுவிடும். இதற்கெல்லாம் மேலே, சாயங்காலம் உங்கள் அம்மா எங்கே உட்காருவார் என்பதற்கு மேஸ்திரியிடம் பதில் இருக்காது.

தொழுவம் விஷயத்தில் ஒரே கேள்வி. கொல்லைக்குப் பின்னால் சந்து இருக்கிறதா? நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால், வாடகைக்கு வருபவர் தினமும் உங்கள் ரேழி, கூடம், தாழ்வாரம் வழியாகத்தான் போய் வர வேண்டும். அத்தோடு அந்த யோசனை முடிந்தது.

சந்து இருந்தாலும் நான் முதலில் அந்த வழியை உங்களுக்கே வைத்துக்கொள்ளச் சொல்வேன். சக்கர நாற்காலிக்கான சரிவுப் பாதையில் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும். இரண்டரை அடி உயரத் திண்ணைக்கு முப்பதடி. தெருப் பக்கம் அது நடக்காது. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக, ஸ்ட்ரெச்சர் வர, கொல்லை வழிதான் உதவும்.

தொழுவத்தை எதற்குப் பயன்படுத்தினாலும் இரண்டு விஷயம். மாட்டு மூத்திரம் ஊறிய மண்ணிலும் சுவர் அடியிலும் உப்பு நிறைய இருக்கும். அதன்மேல் சிமெண்ட் பூசிப் பெயிண்ட் அடித்தால் ஒரே மழைக்காலத்தில் பொரிந்து விழும். தரை மண்ணை ஓரடியாவது வெட்டி எடுத்து, அடிச்சுவர்ப் பூச்சைச் செங்கல் தெரியும்வரை உரித்து, பல மாதம் ஆறவிட்டுத்தான் மேலே வேலை செய்ய வேண்டும். இரண்டாவது, கூரையில் இருப்பது கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஷீட் என்கிறீர்கள். அதைச் சம்மட்டியால் உடைத்து இறக்க விடாதீர்கள். கல்நார்த் தூசி நுரையீரல் புற்றுநோய் வரை கொண்டுபோகும். தண்ணீர் தெளித்து நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழு ஷீட்டாகவே இறக்க வேண்டும், வேலை செய்பவர்களுக்கு நல்ல முகக்கவசத்தோடு. அப்புறம் அங்கே வாஷிங் மெஷின், துணி உலர்த்தும் கொடி, வண்டி நிறுத்த இடம் என்று எளிமையாக வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு யார் பெயரில் இருக்கிறது?

நான் வழக்கறிஞர் இல்லை. ஆனாலும் 15 லட்சத்தை இறக்கும் முன் இதைச் சொல்லாமல் விட முடியாது. அப்பா சுயமாக வாங்கிய வீடு, 2009-இல் உயில் எழுதாமல் காலமானார், பட்டா இப்போது அம்மா பெயரில், அதனால் வீடு அம்மாவுடையது, அவர் எனக்குத்தான் தருவதாகச் சொல்லிவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். பட்டா மாறியதால் மட்டும் வீடு முழுவதும் அம்மாவுக்குச் சொந்தமாகிவிடாது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, கோயம்புத்தூரில் இருக்கும் உங்கள் அண்ணன், நீங்கள் மூவருக்கும் சம பங்கு. அப்பா இறந்தபோது அவருடைய தாயார் உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. அம்மா கொடுக்க முடிவது அவருடைய பங்கை மட்டும்தான்.

"என்னவோ செஞ்சுக்க" என்று அண்ணன் ஃபோனில் சொன்னது அன்பாகத்தான் இருக்கும். ஆனால் நீங்கள் செலவு செய்ததால் உங்கள் பங்கு கூடாது. பின்னால் பிரிக்கும்போது செலவுக் கணக்கைக் கேட்கலாம், அது வாதாடிப் பெற வேண்டிய விஷயம். வங்கிக் கடன் வாங்கப் போனாலும் எல்லாப் பங்குதாரர் கையெழுத்தும் கேட்பார்கள். ஆகவே அண்ணனோடு நேரில் உட்கார்ந்து பேசுங்கள். அவர் விட்டுக்கொடுப்பதானால் பதிவு செய்த விடுதலைப் பத்திரம். விட்டுக்கொடுக்காமல் சம்மதம் மட்டும் தருவதானால், என்னென்ன வேலை, யார் செலவு, பிற்பாடு எப்படிக் கழித்துக்கொள்வது என்று எழுதி மூவரும் கையெழுத்திடுங்கள். வாசகத்தை உள்ளூர் வழக்கறிஞர் ஒருவர் பார்க்கட்டும்.

பணத்தை எந்த வரிசையில் இறக்குவது

15 லட்சத்தில் மூன்று லட்சத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, 12 லட்சத்துக்கு மட்டும் திட்டம் போடுங்கள். பழைய வீட்டில் பூச்சை உரித்தால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். அந்த மூன்று லட்சம் அதற்கு.

முதலில் கூரை. ஓடு பிரித்து, மக்கிய கைமரம் மாற்றி, திரும்ப வேய்வது. மெட்ராஸ் டெரஸ் ஒழுகினால் அதன்மேல் இரண்டங்குலம் சிமெண்ட் கான்கிரீட் போடலாம் என்பார்கள், வேண்டாம். சதுர அடிக்குப் பதினொரு கிலோ கூடும். மேலே பதித்த பழைய தட்டோட்டை (தட்டையான ஓட்டை) எடுத்து, சுண்ணாம்புக் காரையிலேயே திரும்பப் பதிக்கத் தெரிந்த கொத்தனார் உங்கள் பக்கம் இன்னும் இருக்கிறார்கள், தேடுங்கள். சுவர்ப் பூச்சும் சுண்ணாம்பாகவே இருக்கட்டும். சிமெண்ட் பூசினால் சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேற முடியாமல் மேலே ஏறும். அடுத்து மின்சாரம். வயரிங் முழுவதும் மாற்றி, எர்த் சரிபார்த்து, 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) வைத்துவிடுங்கள். ஓதம் ஏறிய சுவருள்ள வீட்டில் இதைத் தள்ளிப்போடக்கூடாது. அதற்குப்பிறகு அடுக்களை, கிணறு, கடைசியில் தொழுவம்.

பூச்சு, ஓடு மாற்றுவது போன்ற பழுதுபார்ப்புக்குப் பொதுவாகத் திட்ட அனுமதி தேவைப்படாது. பரப்பைக் கூட்டினாலோ பயன்பாட்டை மாற்றினாலோ தேவை. எதற்கும் நகராட்சியிலோ ஊராட்சியிலோ ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கூரை வேலையைத் தை பிறந்ததும் தொடங்கினால் கோடை முடிவதற்குள் முடித்துவிடலாம். ஆடியில் தொடங்கி ஐப்பசியில் ஓட்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டு நிற்காதீர்கள்.

மேஸ்திரியை மாற்றச் சொல்லவில்லை. அவர் கட்டுகிறவர், கட்டுவதற்கு யோசனை சொல்கிறார். ஆனால் எதை உடைப்பது என்பதை, வீட்டை நேரில் பார்க்கும் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் சொல்லட்டும். நான் படத்தையும் கடிதத்தையும் மட்டுமே பார்த்திருக்கிறேன். மேஸ்திரிக்கு வேலை வாரியாக எழுதி, ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் பணம் கொடுங்கள், பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் வேண்டாம். கூரைக்குக்கூட முன்னால் அம்மாவின் குளியலறையை முடித்துவிட முடியுமா என்று அவரைக் கேளுங்கள். மற்ற வேலைகள் நடக்கும் அந்த நாலைந்து மாதமும் கொல்லை முழுக்க ஜல்லியும் மணலுமாகக் கிடக்கும். அம்மா ராத்திரியில் அதன் வழியாக நடக்கக்கூடாது.